துடிப்பை எழுத வைத்த வில்லெம் ஐந்தோவன்



காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவர்களின் மணிக்கட்டைக் கவனித்திருப்பீர்கள். மணி பார்ப்பதற்காகக் கட்டிய கடிகாரம் இப்போது இதயத் துடிப்பையும் எண்ணிச் சொல்கிறது. உட்கார்ந்தால் 72, நடந்தால் 95, தலைதெறிக்க ஓடினால் 168... எண் மாறிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து இன்னும் வேகம் கூட்டுகிறவரும் உண்டு. பயந்துபோய் ஓரமாக உட்கார்ந்து விடுகிறவரும் உண்டு.

அந்த 168 உண்மைதானா? அது இதயம் சொன்ன எண்ணா, இல்லை கருவி தானாகப் போட்டுக்கொண்ட எண்ணா?

இப்படி ஒரு கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டு, விடை கிடைக்கும் வரை விடாப்பிடியாக உழைத்த மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் வில்லெம் ஐந்தோவன். ஹாலந்து நாட்டுக்காரர். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கிறோமே, அதற்குத் தகப்பன் அவர்தான். அளவெடுப்பதையே தொழிலாகப் படிக்கிற டிப்ளமோ மாணவர்களாகிய நாம் அவர் வாழ்க்கையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜாவாவில் பிறந்த பிள்ளை

1860ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி, ஜாவாத் தீவின் செமராங் நகரில் ஐந்தோவன் பிறந்தார். இன்று அது இந்தோனேசியா. அன்று அங்கே டச்சுக்காரர் ஆட்சி. தந்தை ஜேக்கப் ஒரு மருத்துவர். மகனுக்கு ஆறு வயது நடக்கும்போதே தந்தை காலமாகிவிட்டார். தாய் லூயிஸுக்கு மொத்தம் ஆறு பிள்ளைகள். நான்கு வருஷம் சமாளித்துப் பார்த்தார். 1870இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹாலந்துக்கே திரும்பி, உட்ரெக்ட் நகரில் குடியேறினார்.

தந்தை வழியிலேயே போகலாம் என்று 1878இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார் ஐந்தோவன். புத்தகமே கதி என்று கிடக்கிற பையன் என்று நினைத்துவிடாதீர்கள். ஜிம்னாஸ்டிக்ஸ், வாள்வீச்சு மாணவர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். உட்ரெக்ட் மாணவர் படகோட்டும் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். உடம்பைச் சாக விடாதீர்கள் என்று கூடப் படிக்கிறவர்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

ஒரு நாள் விளையாட்டில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். நம்மாள் அந்த நேரத்தில் தன் கையையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். உள்ளங்கை மேலும் கீழுமாகத் திரும்பும்போது முழங்கையும் தோளும் என்ன செய்கின்றன என்று பார்த்து எழுதினார். அவருடைய முதல் ஆராய்ச்சி அதுதான்!

1885இல் டாக்டர் பட்டம். அதே வருஷம் லெய்டன் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக நியமனம். அப்போது வயது வெறும் 25! அதன் பிறகு 42 வருஷம், கடைசி மூச்சு வரை லெய்டன்தான் அவர் ஊர்.

பாதரசம் செய்த குறும்பு

இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்று உடம்பெங்கும் பரவுகிறது. தோலின் மேல் அதை அளந்தால் ஒரு மில்லிவோல்ட் அளவுதான் இருக்கும். நம் டார்ச் லைட் செல் 1.5 வோல்ட். அதில் ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்கு!

மனித உடம்பின் மேலிருந்தபடியே இதைப் பதிவு செய்ய முடியும் என்று 1887இல் முதலில் காட்டியவர் லண்டனைச் சேர்ந்த அகஸ்டஸ் வாலர். ஜிம்மி என்ற தன் செல்ல நாயின் கால்களை உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் நிற்க வைத்தும் செய்து காட்டுவார். 1889இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் நடந்த மாநாட்டில் வாலரின் செய்முறையை ஐந்தோவன் நேரில் பார்த்தார். மனசு அங்கேயே ஒட்டிக்கொண்டது.

வாலர் பயன்படுத்திய கருவிக்குக் கேபிலரி எலக்ட்ரோமீட்டர் என்று பெயர். மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம், அதன் மேல் நீர்த்த கந்தக அமிலம். மின்னழுத்தம் மாறினால் இரண்டும் சந்திக்கிற இடம் ஏறி இறங்கும். அதன் நிழலை ஓடும் தட்டில் போட்டோ பிடிப்பார்கள்.

இதில் ஒரு கோளாறு. பாதரசம் கனமானது. மின்னழுத்தம் சட்டென்று ஏறும். பாதரசம் சோம்பேறித்தனமாகப் பின்னாலேயே வரும். அது உச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் மின்னழுத்தம் இறங்கியே போயிருக்கும். அதனால் கூரான அலை மொண்ணையாகப் பதிவாகும்; சின்ன அலை காணாமலே போகும். படத்தில் தெரிவது பாதி இதயம், பாதி பாதரசம்!

இன்னொரு தொல்லையும் இருந்தது. கல் பாவிய தெருவில் குதிரை வண்டி போனால் போதும், சோதனைச்சாலைத் தரை அதிரும், பாதரசமும் ஆடும். தரையில் ஆழமாகக் குழி தோண்டிப் பெரிய பெரிய பாறைகளைப் போட்டு நிரப்பி, அதன் மேல் கருவியை வைத்தும் பார்த்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். அளக்க வேண்டியதோடு சேர்ந்து ஆட்டமும் பதிவாகிவிடுகிற இந்தச் சங்கடத்தை மறந்துவிடாதீர்கள். பிற்பாடு தேவைப்படும்.

கருவி சரியில்லை என்று அவர் தூக்கிப் போட்டாரா? இல்லை. அது எவ்வளவு தாமதிக்கிறது, எந்த விதிப்படி தாமதிக்கிறது என்று முதலில் அளந்தார். இதற்கு உயர்கணிதம் வேண்டும். மருத்துவம் படித்தவருக்கு டிபரன்சியல், இன்டக்ரல் எல்லாம் எங்கே தெரியும்? பேராசிரியர் ஆன பிறகு, லாரன்ட்ஸ் எழுதிய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு தாமாகவே கற்றுக்கொண்டார். எம்-2 பேப்பரைப் பார்த்தாலே காய்ச்சல் வருகிற நண்பர்கள் இதைக் கவனிக்கவும்!

1895இல் கணக்குப் போட்டுக் கோளாறை நீக்கினார். மொண்ணையான படத்துக்குள் இருந்து ஐந்து அலைகள் வெளியே வந்தன. அவற்றுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தார். இன்று வரை உலகம் முழுக்க அதே பெயர்தான்.

அம்பு விட்டு இழுத்த இழை

கணக்கில் வந்தது சரி, நிஜத்திலும் அப்படித்தானா? யாராவது கேட்டால் என்ன சொல்வது? ஒவ்வொரு படத்துக்கும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. கணக்கே தேவைப்படாத கருவியைச் செய்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினார்.

நம் எலக்ட்ரிகல் லேபில் இருக்கிற மூவிங் காயில் கால்வனோமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். காந்தத்துக்கு நடுவே ஒரு காயில்; மின்சாரம் போனால் திரும்பும். காயிலுக்கு எடை உண்டு. எடை இருந்தால் தாமதம் உண்டு. ஐந்தோவன் காயிலையே எடுத்துவிட்டார்! அதற்குப் பதில் ஒரே ஓர் இழை. குவார்ட்ஸ் இழை, மேலே வெள்ளிப் பூச்சு, தடிமன் சுமார் 0.002 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லியதாக எப்படி இழுப்பது? உருகிய குவார்ட்ஸை ஓர் அம்பில் ஒட்டி, வில்லில் பூட்டி விட்டுவிடுவது! அம்பு பறக்கிற வேகத்தில் பின்னால் இழை நீளும். இங்கிலாந்தின் பாய்ஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த உத்தி இது.

அந்த இழையை ஒரு பலமான மின்காந்தத்தின் துருவங்களுக்கு இடையே நிறுத்தினார். இதய மின்னோட்டம் இழை வழியே போகும்போது இழை லேசாக விலகும். ஆர்க் விளக்கின் வெளிச்சத்தில் அதன் நிழலை நூற்றுக்கணக்கான மடங்கு பெரிதாக்கி, நகரும் போட்டோத் தட்டில் பிடித்தார். தந்தித் துறைக்காகப் பிரான்சின் கிளெமென்ட் ஆடர் 1897இல் இதுபோன்ற ஒன்றைச் செய்திருந்தார். அதையும் தம் கட்டுரையில் மறைக்காமல் குறிப்பிட்டார் ஐந்தோவன்.

1901இல் கருவியைப் பற்றிய முதல் கட்டுரை. அடுத்த இரண்டு வருஷத்தில் மனித இதயத்தின் பதிவுகள் அச்சில் வந்தன. கருவி எப்படி இருந்தது தெரியுமா? எடை சுமார் 270 கிலோ. இரண்டு அறைகளை அடைத்துக்கொள்ளும். இயக்க ஐந்து ஆட்கள். காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆனால் படம்? எட்டு வருஷத்துக்கு முன்னால் பாதரசப் பதிவைத் திருத்திக் கணக்கில் வரைந்த அதே உருவம், இப்போது எந்தக் கணக்கும் இல்லாமல் இழையின் நிழலாக நேராக வந்து விழுந்தது. இரண்டும் பொருந்தின! கணக்குக்குக் கருவி சாட்சி, கருவிக்குக் கணக்கு சாட்சி.

சைக்கிளில் வந்தவரின் இதயம்

270 கிலோ கருவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? நோயாளிகளைத்தான் சோதனைச்சாலைக்குக் கொண்டுவர முடியுமா? ஐந்தோவன் கம்பி இழுத்தார். ஆஸ்பத்திரிக்கும் சோதனைச்சாலைக்கும் இடையே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குக் கேபிள். நோயாளி அங்கே, படம் இங்கே. 1905 மார்ச் 22 அன்று முதல் பதிவு வந்தது.

அன்று உட்கார்ந்தவர் நோயாளி அல்ல. நல்ல திடகாத்திரமான ஆள். சோதனைச்சாலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் மிதித்துப் போய்த் தொட்டியில் கைவிட்டவர். அவர் பதிவில் ஆர் அலை உயரமாக இருந்தது. சைக்கிள் மிதித்ததுதான் காரணம் என்று கருதினார்கள். உடற்பயிற்சி இதயத்தை என்ன செய்கிறது என்று தூரத்திலிருந்தே பார்த்த கதை அன்றே ஆரம்பித்துவிட்டது, பாருங்கள்!

யார் எடுத்தாலும் படம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில் அவர் வெகு கறார். ஒரு மில்லிவோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம். ஒரு வினாடிக்கு 25 மில்லிமீட்டர் நீளம். இன்றும் ஈ.சி.ஜி. தாள் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. தாளில் இரண்டு ஆர் அலைகளுக்கு இடையே 10 மில்லிமீட்டர் இருந்தால் 0.4 வினாடி, 60ஐ 0.4ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 150 துடிப்பு. சாதாரண ஸ்கேலே போதும்!

வலது கை, இடது கை, இடது கால் மூன்றையும் முனைகளாகக் கொண்ட ஐந்தோவன் முக்கோணம் 1912, 1913 வாக்கில் வந்தது. இரு கைகளுக்கும் இடையே முதல் லீட். வலது கைக்கும் காலுக்கும் இடையே இரண்டாவது. இடது கைக்கும் காலுக்கும் இடையே மூன்றாவது. முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் இரண்டாவது வரும். நாம் சர்க்யூட் தியரியில் படிக்கிற கிர்ச்சாஃப் விதிதான் இது. எடுத்த அளவு சரியா என்று அளவுகளையே வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மெக்கானிக்குக்குப் பாதிப் பங்கு

சார்லஸ் டார்வினின் மகன் ஹோரஸ் டார்வின் நடத்திய கேம்பிரிட்ஜ் கருவி நிறுவனம் இந்த இயந்திரத்தை மேசை மேல் வைக்கிற அளவுக்குச் சுருக்கியது. லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் அதை வைத்து இதயத் துடிப்பின் தாறுமாறுகளை ஒவ்வொன்றாக இனம் கண்டார். ஐந்தோவன் பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

1924இல் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தபோது நோபல் பரிசுச் செய்தி வந்தது. இதற்குப் பிறகு நடந்ததாகச் சொல்லப்படுவதுதான் நம் போன்றவர்கள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது. அவருடைய சோதனைச்சாலையில் வான் டெர் வூர்ட் என்ற மெக்கானிக் பல வருஷம் கூடவே நின்று கருவியைக் கட்டியவர். பரிசு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவர் குடும்பத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஐந்தோவன் தேடினார். வயதான சகோதரிகள் இருவர் ஏழைகள் விடுதியில் இருப்பது தெரிந்தது. பரிசுப் பணத்தில் பாதியை அவர்களிடம் கொடுத்துவிட்டார்.

ஃபைல் பிடித்தவனுக்கும் லேத்தில் நின்றவனுக்கும் கண்டுபிடிப்பில் பங்கு உண்டு என்று சொன்னவர்கள் நிறையப் பேர். கையில் பணமாக எண்ணிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

1927 செப்டம்பர் 29 அன்று லெய்டனில் ஐந்தோவன் காலமானார். வயது 67.

மணிக்கட்டில் என்ன நடக்கிறது?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கடிகாரம் காட்டிய 168 உண்மைதானா?

ஐந்தோவன் இதயத்தின் மின்சாரத்தை அளந்தார். மணிக்கட்டுக் கடிகாரம் ஓடும்போது அளப்பது அதை அல்ல. அது வெளிச்சத்தை அளக்கிறது. பின்பக்கத்தில் பச்சை எல்.ஈ.டி. மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறையும். திரும்பி வருகிற ஒளியும் அதற்கேற்ப மிகக் கொஞ்சமாகக் குறைந்து கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது.

சும்மா உட்கார்ந்திருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். ஓடும்போதுதான் வம்பு. கை வீசும்போது கடிகாரம் தோலின் மேல் நகர்கிறது, ரத்தமும் தசைநார்களும் அசைகின்றன, இடைவெளியில் வெளி வெளிச்சம் புகுகிறது. லெய்டன் தெருவில் குதிரை வண்டி போனபோது பாதரசம் ஆடியதே, அதே கதை! கடிகாரத்துக்குள் அசைவை அளக்கிற சென்சார் ஒன்று இருக்கிறது. அதை வைத்து ஆட்டத்தைக் கழித்துவிடப் பார்க்கும். ஆனால் ஓடுகிறவரின் காலடி நிமிடத்துக்கு 160, 170 என்று விழும். கடும் பயிற்சியில் இதயமும் கிட்டத்தட்ட அதே எண்ணில் துடிக்கலாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எது காலடி, எது துடிப்பு என்று கருவி குழம்பிவிடும். சில சமயம் காலடியையே துடிப்பாக எண்ணிக் காட்டும். எடை தூக்கும்போது பிடியை இறுக்கினாலும் இதே தொல்லை. குட்டி ஓட்டமாக வேகம் கூட்டிக் குறைத்தால், சில வினாடிகளின் சராசரியைக் காட்டுகிற கடிகாரம், பாதரசம் போலவே பின்தங்கி வரும்.

இது வெறும் ஊகம் இல்லை. 2017இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் 50 பேரை டிரெட்மில்லில் ஓட விட்டு ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டார்கள். முழுப் பொருத்தம் என்றால் 1 என்று வையுங்கள். மார்புப் பட்டை 0.99 வாங்கியது. நான்கு மணிக்கட்டுக் கருவிகள் 0.83 முதல் 0.91 வரைதான். 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தார் 53 பேரிடம் செய்த ஆய்வில், ஓய்வில் இருப்பதைவிட அசைவின்போது பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். தோல் நிறத்தால் பெரிய வித்தியாசம் அந்த ஆய்வில் தெரியவில்லை.

மார்புப் பட்டைக்கு மட்டும் எப்படி 0.99? அது ஐந்தோவன் வழியில் போகிறது! மார்பின் மேல் இரண்டு மின்முனைகள், ஆர் அலையின் உச்சியை எண்ணுதல், அவ்வளவுதான். விளையாட்டு வீரர்களுக்கான கம்பியில்லாப் பட்டையைப் பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கொண்டுவந்தது. அதைக் கட்டுமுன் நனைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எதற்கு? பழைய உப்புத் தண்ணீர்த் தொட்டியின் வேலை அது. தோலுக்கும் மின்முனைக்கும் நடுவே ஈரம் இல்லாவிட்டால் மின்சாரம் சரியாக வராது. ஓடி வியர்த்துவிட்டால் வியர்வையே போதும்.

2018 முதல் சில கடிகாரங்களிலேயே ஈ.சி.ஜி. எடுக்கும் வசதியும் வந்திருக்கிறது. ஒரு மணிக்கட்டில் கடிகாரம், மறு கை விரலை அதன் மேல் வைக்க வேண்டும். இரண்டு கைகளுக்கு இடையே அளப்பது... அட, ஐந்தோவனின் முதல் லீட்! ஆனால் அதற்கு அரை நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டே எடுக்க முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

கடிகாரத்தைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. ஐந்தோவன் பாதரசக் கருவியை எறிந்தாரா? அதன் குறையை அளந்துகொண்டு பயன்படுத்தினார். நாமும் அப்படியே செய்யலாம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். உடம்பைச் சூடேற்றிக்கொண்டு ஓடத் தொடங்குங்கள். ஓட்டத்தை நிறுத்திய உடனே கழுத்து நாடியில் விரல் வைத்து 15 வினாடி எண்ணி 4ஆல் பெருக்குங்கள். கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். நாலு நாள் இப்படிச் செய்தால் உங்கள் கடிகாரம் எப்போது நம்பத் தகுந்தது, எப்போது இல்லை என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும். போட்டிக்காகத் தீவிரப் பயிற்சி எடுக்கிறவர்களுக்கு மார்புப் பட்டையே மேல்.

இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. மார்பில் வலியோ, மயக்கமோ, மூச்சு முட்டலோ வந்தால் கடிகாரம் என்ன எண் காட்டினாலும் சரி, ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும். எண் நார்மலாகத்தானே இருக்கிறது என்று இன்னொரு ரவுண்டு ஓடுவது உயிரோடு சூதாடுவது.

வெர்னியரைக் கையில் எடுத்ததும் ஜீரோ எரர் பார்க்கச் சொல்லி முதல் வருஷத்திலேயே நமக்குப் பழக்குகிறார்கள். மார்க்குக்காகப் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறோம். நாளைக்கு நம்மில் ஒருவர் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கலாம், இன்னொருவர் சென்சார் தொழிற்சாலையில் காலிபரேஷன் பார்க்கலாம். நாம் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற கருவி காட்டுகிற எண்ணை நம்பி முகம் தெரியாத யாரோ ஒருவர் ஓடுவார், யாரோ ஒருவருக்கு மருந்து கொடுப்பார்கள். அந்த மேசையில் உட்காரும்போது லெய்டன் பேராசிரியரையும், அவர் பக்கத்தில் நின்ற மெக்கானிக்கையும் நினைத்துக்கொள்வோம். ஜீரோ எரர் பார்த்துவிட்டே அளவெடுப்போம்!